கறுப்பைக் கறுப்பாகவே அச்சிடும் ஸ்டுடியோ

முகத்தை வெளுக்காமல் படம் அச்சிட்டுத் தரும் கடை சேலத்தில் இருக்கிறது என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். அஸ்தம்பட்டியில், ஏற்காடு சாலையை ஒட்டிய சந்தில், மாடியில் இருக்கும் சிறிய ஸ்டுடியோ.

நான் கொடுத்தவை கல்யாணப் படங்கள் அல்ல. ஒரு தொண்டு நிறுவனத்துக்காகத் தெற்கு சூடானில் கைப்பம்பு பழுதுபார்த்த காலத்தில் எடுத்தவை. (நம் தெருக்களில் நிற்கும் அதே இந்தியா மார்க் 2 பம்புதான் அங்கும்.) 2011 ஜனவரி 9 முதல் 15 வரை அங்கே பொது வாக்கெடுப்பு நடந்தது. நெடுங்காலப் போருக்குப் பின் 2005 அமைதி ஒப்பந்தத்தில் பெற்ற உரிமை அது. வாக்குச்சீட்டில் இரண்டு சின்னங்கள்: கோத்த கைகள் என்றால் சூடானோடு சேர்ந்திருப்பது, உயர்த்திய ஒற்றைக் கை என்றால் தனி நாடு. 98.83 சதவீத வாக்குகள் ஒற்றைக் கைக்கு விழுந்தன. முடிவு வந்த பிப்ரவரி இரவில் நான் இருந்த ஊரில் காளை அறுத்தார்கள். முரசு விடிய விடிய ஓயவில்லை. புளித்த சோளமாவில் தோசையைவிட மெல்லியதாக ஊற்றும் கிஸ்ராவை என் கையில் திணித்துக்கொண்டே இருந்தார்கள். வெளியூர்க்காரன் என்று ஒதுங்கி நிற்க யாரும் விடவில்லை.

இந்தப் படங்களை முன்பு வேறொரு லேபில் கொடுத்தபோது எல்லோரையும் மாநிறமாக்கிவிட்டார்கள். வாக்களித்துவிட்டு வந்த பாட்டி ஒருவர் விரலை நீட்டிக் காட்டுகிறார். அந்த விரலில் இருந்த மையை அழுக்கென்று நினைத்து அழித்திருந்தார்கள். படமே அந்த மைக்காகத்தான் எடுத்தது! நம் வீட்டுப் பெண்களின் கல்யாண ஆல்பங்களிலும் இதே வெள்ளையடிப்புதான் நடக்கிறது. எனக்கு அது பொறுக்கவே பொறுக்காது.

இங்கே கணினியில் வேலை செய்யும் பெண் முதலில் தானியங்கித் திருத்தத்தை நிறுத்தினார். “நேரில் இவ்வளவு கறுப்பா சார், இன்னும் அடர்த்தியா?” என்று கேட்டார். பாட்டியின் முகத்தை மட்டும் நான்கு விதமாகத் துண்டுத்தாளில் அச்சிட்டு, ட்யூப்லைட்டை நம்ப வேண்டாம் என்று மொட்டைமாடி வெயிலுக்கு அழைத்துப்போய்க் காட்டினார். நான் தேர்ந்தெடுத்த துண்டில் நெற்றியின் தழும்புக் கோடுகள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. கன்னத்து வியர்வையும் நகக்கண்ணில் தேங்கிய மையும் அப்படியே இருந்தன. இரவில் எடுத்த ஆட்டப் படங்களைப் பெரிதாக்கினால் புள்ளி புள்ளியாக உடையும், 6க்கு 4 போதும் என்று அவரே சொல்லிவிட்டார். பெரிய அளவுக்குப் பணம் வாங்கியிருக்கலாம், வாங்கவில்லை.

குறை உண்டு. பைண்டிங் சுமார்தான், நடுப்பக்கம் முழுதாக விரிய மறுக்கிறது. விலையும் மற்ற கடைகளைவிடக் கூடுதல். மேட் தாள் கேட்டு வாங்குங்கள், விரல் ரேகை பதியாது. தை, வைகாசி முகூர்த்த நாட்களில் போனால் கல்யாண ஆல்பங்களுக்குப் பின்னால்தான் நம் முறை வரும். வண்டியை முதன்மைச் சாலையிலேயே நிறுத்திவிட்டு நடந்து போவது நல்லது.