கார்டை மாற்றாமலே முடிந்த வேலை

திருப்பூர் குமரன் சாலையை ஒட்டிய சந்து ஒன்றில் இருக்கும் கணினிப் பழுதுபார்ப்புக் கடையின் சேவையைப் பற்றிய மதிப்புரை இது. எங்கள் பனியன் கம்பெனி அலுவலகத்தில் பில் போடும் கணினிக்கு, லேனில் (அலுவலகக் கணினிகளை இணைக்கும் வலையமைப்பில்) உள்ள மற்ற நான்கு கணினிகளோடும் தொடர்பு விட்டு விட்டு வந்து, ஒரு நாள் அடியோடு நின்றுபோனது. முதலில் வந்து பார்த்த வேறொருவர், மதர்போர்டிலேயே இருக்கும் நெட்வொர்க் கார்டு போய்விட்டதாகவும் போர்டையே மாற்ற வேண்டும் என்றும் கூறிச் சென்றார்.

இக்கடையிலிருந்து வந்த இளைஞர் ஒரு திருகாணியைக்கூடக் கழற்றவில்லை. கணினி தன்னையே குறிக்கும் 127.0.0.1 என்ற முகவரிக்குப் பிங் (பதில் வருகிறதா என்று பார்க்கும் சோதனைச் செய்தி) கொடுத்ததும் பதில் வந்தது. அந்தப் பதில் கணினிக்குள்ளேயே சுற்றி வருவது, அதைக் கொண்டு கார்டுக்கோ கேபிளுக்கோ நற்சான்று தர முடியாது என்று அவரே விளக்கினார். கணினி வைத்திருந்த ஐபி முகவரி 169.254 என்று தொடங்கியது. ரவுட்டரிடமிருந்து முகவரி கிடைக்காதபோது விண்டோஸ் தானாக எடுத்துக்கொள்ளும் எண் அது. பக்கத்து மேசையின் கேபிளைப் பிடுங்கி இதில் செருகிய சில நொடிகளில் சரியான முகவரி வந்துவிட்டது. "கார்டை மாத்த வேண்டாமுங்க, ஒயருதான் படுத்துது" என்றார்.

கட்டிங் மேசைக்கு அடியில் ஓடும் அந்தக் கேபிளின் முனையில், பஞ்சுத் தூசி படிந்த கனெக்டரின் நாக்கு ஒடிந்திருந்தது. அதை வெட்டியெறிந்து, எட்டுக் கம்பிகளையும் நிற வரிசைப்படி அடுக்கி, புதியதைக் கிரிம்ப் செய்தார் (கருவியால் அழுத்திப் பொருத்தினார்). இணைப்பு வந்தது, நானாக இருந்தால் அத்தோடு விட்டிருப்பேன். அவரோ வேகம் 100 எம்பிபிஎஸ் என்று காட்டுவதைப் பார்த்து முகம் சுளித்தார். அந்த வேகத்துக்கு இரண்டு இணை, அதாவது நான்கு கம்பிகளே போதும், 1 ஜிபிபிஎஸ் (1000 எம்பிபிஎஸ்) வேகத்துக்குத்தான் நான்கு இணைகளும் தேவை, ஆகவே எங்கோ ஒரு கம்பி முனைவரை எட்டவில்லை என்று சொல்லி, தாம் போட்ட கனெக்டரையே வெட்டி மறுபடியும் போட்டார். இம்முறை 1 ஜிபிபிஎஸ் வந்தது. கேபிளில் இருந்த இழுவையும் ஒரு டேக் கட்டியதில் தீர்ந்தது.

கூலி 400 ரூபாய். செய்த வேலைக்கு அது மிகையில்லை. காலையில் வருவதாகச் சொல்லிவிட்டு மாலை நான்கு மணிக்கு வந்ததுதான் எரிச்சலூட்டியது. பில்லிலும் "சர்வீஸ்" என்ற ஒற்றைச் சொல்லே இருந்ததால், எங்கள் கணக்கர் விவரம் எழுதி வாங்கி வரும்படி என்னை மீண்டும் அந்தச் சந்துக்கே அனுப்பினார்.