உறையில் போடுவதா, கையில் கொடுப்பதா, வீட்டுக்குப் போவதா?

மாதச் சம்பளம் கைக்கு வந்ததும் பத்தில் ஒரு பங்கைத் தனியே எடுத்து வைப்பது எங்கள் வீட்டில் தாத்தா காலத்துப் பழக்கம். எடுத்து வைப்பதில் ஒருநாளும் சண்டை வந்ததில்லை. எங்கே கொடுப்பது என்பதில்தான் வரும். அப்பாவுக்கு ஆலயத்தின் காணிக்கை உறைதான் எல்லாம். அம்மாவுக்கு அரிசிக் கலயமும், வாசலில் வந்து நிற்கிற ஆளும். நான் வேலைக்குப் போன புதிதில் எங்கோ ஒரு பிள்ளையின் படிப்புக்கு மாதாமாதம் பணம் அனுப்பினேன். இப்போது ஆறு ஆண்டுகளாகப் பக்கத்துத் தெருக் கத்தோலிக்க அண்ணன் ஒருவரோடு சேர்ந்து, ஏழைகளை வீடு தேடிப் போய்ப் பார்க்கும் கத்தோலிக்க அமைப்பான வின்சென்ட் தே பவுல் சபையார் சந்திக்கப் போகும் வீடுகளுக்கு நானும் போய் வருகிறேன். நான்கு வழியிலும் என் பணம் போயிருக்கிறது. நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க என்னிடம் இருப்பது ஒரே அளவுகோல்: கஷ்டப்படுகிறவரின் கைக்கு என்ன போய்ச் சேருகிறது, சேரும்போது அவர் முகம் எப்படி இருக்கிறது.

காணிக்கை உறை

எங்கள் தென்மாவட்டச் சபைகளில் கொடுப்பதற்குக் குறைவே கிடையாது. ஞாயிறு காணிக்கை, சங்கக் காணிக்கை, பிறந்தநாள் ஸ்தோத்திரக் காணிக்கை, வருமானத்தில் பத்தில் ஒரு பங்கான தசமபாகம் என்று வரிசையாக வரும். ஸ்தோத்திரப் பண்டிகை ஏலத்தில் ஒரு பூசணிக்காய் சந்தை விலையைப் போல இருபது மடங்குக்குப் போகும். எடுத்தவர் அதையே திரும்ப மேசையில் வைப்பார், மறுபடியும் ஏலம் கூறுவார்கள். 1903-இல் திருநெல்வேலியில் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கியபோது, அந்நியப் பணத்தை நம்பாமல் உள்ளூர் மக்களின் காசைக் கொண்டே தெலுங்கு நாட்டுக்கு ஊழியரை அனுப்பினார்கள். கை தாராளமான மக்கள் நாம்.

ஆனால் உறைக்குள் போனது எங்கே போகிறது? குருவானவர், உபதேசியார், கோயில்பிள்ளை ஆகியோரின் சம்பளம், மின்கட்டணம், கட்டடம், மிஷனெரி ஊழியம். எல்லாம் வேண்டியவைதான். ஒன்றையும் வீண் என்று சொல்ல மாட்டேன். எனக்கு வலிக்கிற இடம் வேறு. நான் முன்பு இருந்த ஒரு சபையில் ஆண்டறிக்கையை வாங்கி வரிவரியாகப் படித்தேன். அந்த ஆண்டு கோபுர வேலைக்குச் செலவான தொகையில் நூறில் ஒரு பங்குகூட ‘ஏழைகள் உதவி’ என்ற வரியில் இல்லை. அந்த வரி எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று பொருளாளரே தேடித்தான் காட்டினார்.

தசமபாகத்தைப் பற்றிய பிரசங்கம் என்றால் வேதாகமத்தின் மல்கியா மூன்றாம் அதிகாரம் வந்துவிடும். தசமபாகங்களையெல்லாம் பண்டசாலைக்குக் கொண்டுவரச் சொல்லும் வசனம் சிறு பிள்ளைக்கும் மனப்பாடம். உபாகமம் 14-ஐ எடுத்துப் பேசி நான் கேட்டது இரண்டோ மூன்றோ முறை. மூன்று ஆண்டுக்கு ஒருமுறை அந்தப் பத்தில் ஒரு பங்கை ஊர் வாசலிலேயே வைத்துவிட வேண்டும்; ஆலய ஊழியம் செய்கிற நிலமில்லாத லேவியனும், பரதேசியும், திக்கற்ற பிள்ளையும், விதவையும் வந்து சாப்பிட்டுத் திருப்தியடைய வேண்டும் என்று அங்கே எழுதியிருக்கிறது. லேவியனுக்கும் விதவைக்கும் ஒரே குவியலிலிருந்து பங்கு. நாம் லேவியனின் பங்கை ஒழுங்காகக் கொடுத்துவிட்டு மற்ற மூவரை மறந்துபோனோம்.

ஆதிச் சபை மறக்கவில்லை. ஏறக்குறைய 155-இல் ரோமாபுரியில் இருந்த கிறிஸ்தவ எழுத்தாளர் யுஸ்தீன், ஞாயிறு ஆராதனையை விவரிக்கும்போது, சேர்ந்த காணிக்கை சபைத் தலைவரிடம் ஒப்படைக்கப்படும் என்றும், அதைக் கொண்டு அவர் அநாதைகள், விதவைகள், நோயாளிகள், சிறையில் இருப்பவர்கள், ஊருக்குப் புதிதாக வந்த அந்நியர்கள் ஆகியோரைக் கவனிப்பார் என்றும் எழுதுகிறார். 251-இல் ரோம் ஆயர் கொர்னேலியு எழுதிய கடிதம் ஒன்றில் அந்தச் சபையின் கணக்கே இருக்கிறது: மூப்பர் 46 பேர், உதவி ஊழியர் 7 பேர், சபை பராமரித்த விதவைகளும் துன்பப்படுகிறவர்களும் 1,500 பேருக்கு மேல். இந்த விகிதத்தை நம் ஆண்டறிக்கைகளின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

உறையின் பெரிய பலம் ஒன்று உண்டு. கொடுத்தவர் யாரென்று வாங்கியவருக்குத் தெரியாது. வாங்கியவர் யாரென்று கொடுத்தவருக்குத் தெரியாது. யாரும் யாருக்கும் கடன்பட்டவர் இல்லை. பொதுக்குழு கேள்வி கேட்டால் கணக்கும் கிடைக்கும். ஆகவே உறையை விட வேண்டாம். ஆண்டறிக்கையைக் கையில் எடுத்து, அந்த ஒரு வரியின் தொகையைக் கூட்டச் சொல்லிக் கேளுங்கள்.

அரிசிக் கலயமும் வாசலில் நிற்பவரும்

அம்மா உலை வைக்கும்போது களைவதற்கு எடுத்த அரிசியிலிருந்து ஒரு பிடியை அள்ளிக் கலயத்தில் போடுவார். மாதக் கடைசியில் கலயம் ஆலயத்துக்குப் போகும். மிசோரத்தில் இதே பிடி அரிசி 1910-இல் தொடங்கி இன்றுவரை ஒரு மாநிலத்துச் சபையின் ஊழியத்தையே தாங்கி நிற்கிறது. பணமே கையில் பார்க்காத பெண்களும் தாராளமாகக் கொடுக்க முடிந்த வழி அது. குக்கரும் பாக்கெட் அரிசியும் வந்த பிறகு எங்கள் பக்கம் கலயங்கள் பரணுக்குப் போய்விட்டன. எங்கள் வீட்டுக் கலயத்தின் வாய் விளிம்பு அம்மாவின் கைபட்டு வழவழப்பாக இருக்கும்.

வாசலுக்கு வந்து கேட்பவருக்குக் கொடுப்பதில் அம்மா யோசித்ததே இல்லை. “குடிக்கத்தானே கேட்கிறான்” என்று அப்பா சொல்வார். “பசிக்கும் கேட்டிருக்கலாம்” என்பார் அம்மா. எனக்கு அம்மாவின் பக்கம்தான் சரியாகப் படுகிறது. கேட்கிற ஆளை நிற்க வைத்து விசாரணை நடத்தும் உரிமை பத்து ரூபாய்க்கு வந்துவிடாது. ஆனாலும் இந்த வழியின் எல்லையைச் சொல்லியாக வேண்டும். வாசலுக்கு வரக் கூச்சப்படுகிறவர் வருவதே இல்லை. பீடிக் கூலி வராத வாரத்தில் கதவைச் சாத்திக்கொண்டு இருக்கிற வீடுகளை வாசலில் நின்று கொடுக்கும் தர்மம் தொடாது.

தூரத்துப் பிள்ளை, தூரத்து இல்லம்

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பெரிய நிறுவனங்களின் வழியாக ஒரு பிள்ளையைத் தாங்குவது, திட்டமிட்டுக் கொடுக்க நல்ல வழி. பள்ளிக் கட்டணம், மருந்து, சத்துணவு ஆகியவற்றைத் தனி மனிதரைவிட நிறுவனம் ஒழுங்காகச் செய்யும். பலவீனம், நூல் நம் கையில் இல்லை என்பது. வெளிநாட்டுப் பணத்துக்கு அரசின் முன்அனுமதி வேண்டும் என்ற பட்டியலில் வைக்கப்பட்ட கம்பாஷன் இன்டர்நேஷனல் என்ற நிறுவனம் 2017 மார்ச்சில் இந்தியாவில் பணியை முடித்துக்கொண்டபோது, ஏறத்தாழ ஒன்றரை லட்சம் பிள்ளைகளுக்கான உதவி நின்றது. அந்தப் பிள்ளைகளின் சொந்த ஊர்ச் சபைகள் எத்தனை, அவர்களைக் கையில் வாங்கிக்கொள்ள ஆயத்தமாக இருந்திருக்கும்? உள்ளூர்ப் பள்ளிகளையும் இல்லங்களையும் நான் ஒருபடி மேலே வைப்பேன். பாளையங்கோட்டையில் ஆஸ்க்வித் அம்மையார் தொடங்கிய பார்வையற்றோர் பள்ளியும், ஃபுளோரன்ஸ் சுவைன்சன் தொடங்கிய செவித்திறனற்றோர் பள்ளியும் நூறு ஆண்டு கடந்தவை. அங்கே பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டுக் கொடுக்கலாம்.

திரும்பத் திரும்பப் போகிற கால்

கிறிஸ்துமஸ் சமயத்தில் ஓர் ஆலய வளாகத்தில் சேலை வழங்கும் நிகழ்ச்சிக்குப் போயிருந்தேன். பின்னால் பேனர். ஒவ்வொரு சேலையையும் நான்கு பேர் பிடித்துக்கொண்டு நின்றார்கள். நடுவில் வாங்குகிற பெண். “இந்தப் பக்கம் பாருங்கள் அம்மா” என்று படம் எடுப்பவர் சொன்னார். அறுபது வயதிருக்கும் ஒரு பாட்டி தலைமுந்தானையைக் கன்னம்வரை இழுத்துவிட்டுக்கொண்டார். அவர் சேலையைப் பார்க்கவே இல்லை. வலதுகை செய்வதை இடதுகை அறியக் கூடாது என்று சொன்னவரின் பிறந்தநாளுக்காக அந்தப் பேனர் கட்டப்பட்டிருந்தது.

அடுத்த மாதம்தான் அந்தக் கத்தோலிக்க அண்ணன் என்னை வின்சென்ட் தே பவுல் சபையாரின் வியாழக்கிழமைக் கூட்டத்துக்கு அழைத்துப் போனார். பத்துப் பேர் ஒரு சிறு அறையில் உட்கார்ந்து ஜெபம் செய்தார்கள், போன வாரம் பார்த்த குடும்பங்களைப் பற்றிப் பேசினார்கள். முடிவில் ஒரு துணிப்பை சுற்றி வந்தது. ஒவ்வொருவரும் மூடிய கையை உள்ளே விட்டு எடுத்தார்கள். யார் நூறு போட்டார், யார் ஐந்து போட்டார், யார் ஒன்றும் போடாமல் எடுத்தார் என்று எவருக்கும் தெரியாது. எண் போட்ட உறைக்கும், பெயர் வாசிக்கிற ஏலத்துக்கும் பழகிய எனக்கு அந்தப் பை ஒரு வேதபாடமாக இருந்தது.

இந்தச் சபை 1833-இல் பாரிஸில் பிறந்தது. ‘உங்கள் மதம் முன்பு பெரிய காரியங்கள் செய்தது, இப்போது என்ன செய்கிறது?’ என்று சக மாணவர்கள் கேட்ட கேள்விக்குப் பதிலாக, இருபதே வயதான ஃப்ரெடெரிக் ஓசனாம் நண்பர்களோடு ஏழைகளின் வீடுகளுக்கு நடக்கத் தொடங்கினார். காலரா வந்து போன அடுத்த ஆண்டு அது. எந்த வீடு, எப்படி உள்ளே போவது என்று அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தவர் ரோசலி ராந்து என்ற கன்னியாஸ்திரி. இருவர் இருவராகப் போக வேண்டும், வாராவாரம் போக வேண்டும், என்ன மதம் என்று கேட்கக் கூடாது. வழிமுறை இன்றும் அதுதான்.

நாங்கள் போகும் ஒரு வீட்டைப் பற்றி மட்டும், பெயர் இல்லாமல் சொல்கிறேன். லைன் வீடு, ஒரே அறை. கணவரை இழந்த அக்கா மடியில் முறத்தை வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருப்பார். நாங்கள் பாயில் உட்கார்ந்து பேசும்போதும் விரல்கள் நிற்காது. இலையை நனைத்து, வெட்டி, தூளை வைத்துச் சுருட்டி, நூலைக் கட்டி, அடுத்தது. மாதம் 800 ரூபாய்க்கு அரிசியும் பருப்பும் எண்ணெயும் கொண்டுபோவோம். முதல் மூன்று மாதமும் அவர் எதையும் கேட்கவில்லை. நான்காம் மாதம் தகரப் பெட்டியிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து, “தம்பி, இதில் என்ன தப்பு என்று பாருங்கள்” என்றார். விதவை உதவித்தொகைக்கான மனு தள்ளுபடியான தாள். கணவரின் இறப்புச் சான்றிதழில் பெயர் ஓர் எழுத்து மாறியிருந்தது. குடும்ப அட்டையில் ‘ள’, அங்கே ‘ல’. அந்த எழுத்தைத் திருத்த எங்களுக்கு ஏழு முறை பஸ் டிக்கெட், இரண்டு நாள் விடுப்பு, ஒரு உறுதிமொழிப் பத்திரம் ஆயிற்று. இன்று மாதம் 1,200 ரூபாய் அவருடைய வங்கிக் கணக்குக்கு வருகிறது. நாங்கள் கொண்டுபோகும் பையைவிடப் பெரிய தொகை, அவருக்கு உரிமையான தொகை.

எந்தக் காணிக்கை உறையும் அந்த ஓர் எழுத்தைக் கண்டுபிடித்திருக்காது. முதல் மூன்று மாதப் பாயும் பேச்சும் இல்லாமல் அந்தத் தகரப் பெட்டியும் திறந்திருக்காது. அதனால்தான் நான்கில் எது என்று கேட்டால் இதைத்தான் முதலில் சொல்கிறேன். இயேசு சொன்ன கதையில், வழியில் அடிபட்டுக் கிடந்தவனைச் சத்திரத்தில் சேர்த்த நல்ல சமாரியன் சத்திரக்காரனிடம் இரண்டு பணத்தைக் கொடுத்ததைப் பற்றி நிறையப் பேசுகிறோம். அதிகம் செலவானால் நான் திரும்பி வரும்போது தருவேன் என்று அவன் சொன்ன வார்த்தைமேல்தான் என் மனம் நிற்கிறது. அவன் மறுபடியும் வருவதாக இருந்தான்.

இந்த வழிக்கும் குறை இல்லாமல் இல்லை. பத்துப் பேர் எட்டுக் குடும்பங்களுக்கு மேல் பார்க்க முடியாது. வெள்ளம் வந்தால் இது போதாது. 2023 டிசம்பரில் தூத்துக்குடியும் நெல்லையும் தண்ணீரில் நின்றபோது லாரிகளும் பெரிய அமைப்புகளும்தான் வேண்டியிருந்தன. இன்னொரு ஆபத்து, போகிறவர் மனதில் ‘நம் குடும்பம்’ என்ற உரிமை முளைப்பது. பையைக் கொடுத்துவிட்டு, மகள் ஏன் இன்னும் பள்ளிக்குப் போகவில்லை என்று அதட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன். ஜெபக் கூட்டத்துக்கு வந்தால்தான் அரிசி என்று ஆகிவிட்டால் அதைவிடக் கேடு வேறில்லை. 362-இல் கிறிஸ்தவத்தை வெறுத்த பேரரசன் ஜூலியன், இந்தக் கலிலேயர் (கிறிஸ்தவர்களை அவன் அப்படித்தான் அழைத்தான்) தங்கள் ஏழைகளோடு நம் ஏழைகளையும் தாங்குகிறார்களே என்று தன் பூசாரி ஒருவருக்கு எழுதினான். எதிரி வாயால் வந்த அந்தச் சான்று, உறுப்பினர் அட்டை கேட்கிற இன்றைய ஏழை நிதிகளுக்குக் கிடைக்குமா?

என் பத்தில் ஒரு பங்கை இப்போது இப்படிப் பிரிக்கிறேன். பாதி ஆலயத்துக்கு, ஆண்டறிக்கையில் அந்த வரியைக் கேட்கும் உரிமையோடு. மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாக வியாழக்கிழமைத் துணிப்பைக்கு. மீதியில் கொஞ்சம் பாளையங்கோட்டைக்கு, கொஞ்சம் சில்லறையாகச் சட்டைப்பையில், வாசலுக்கு வருகிறவர்களுக்காக.

ஊரே சேர்ந்து சமைத்து உண்ணும் எங்கள் ஆலய அசனம் இந்தக் கணக்கில் இல்லை. அதற்கு வீட்டிலிருந்து அரிசி போகும், கத்தரிக்காய் போகும், விடியற்காலையில் அண்டா கழுவ ஆள் போகும். தரையில் ஒரே பந்தி. கொடுத்தவரும் கொடுக்க முடியாதவரும் அடுத்தடுத்த இலை. அம்மா போன ஆண்டு அங்கே உட்கார்ந்தபோது இடப்பக்கத்து இலையில் இருந்தவர், எங்கள் வாசலுக்கு வருகிற அதே ஆள். “அண்ணே, இன்னும் கொஞ்சம் சோறு வைக்கச் சொல்லுங்கள்” என்று, பரிமாறுகிறவரைக் கூப்பிடும்படி அம்மா அவரிடம்தான் கேட்டார்.