எந்த எஸ்யூவி கார் பாதுகாப்பு: வால்வோ எக்ஸ்சி90-ஆ, டொயோட்டா லேண்ட் குரூசர் 300-ஆ?

மோதல் சோதனை மதிப்பெண் (காரில் இருக்கும் பெரியவர்களின் பாதுகாப்பு): வால்வோ, யூரோ என்கேப் (ஐரோப்பிய சோதனை அமைப்பு) 2015, 97%. லேண்ட் குரூசர், ஆன்கேப் (ஆஸ்திரேலிய, நியூசிலாந்து சோதனை அமைப்பு) 2022, 89%. இரண்டுக்கும் 5 நட்சத்திரம். 97தான் உசத்தி என்று முடிவுகட்டாதீர்கள். இடையில் சோதனை முறை கடுமையாகிவிட்டது.

உடற்கட்டு: வால்வோ மோனோகாக் (உடலும் சட்டமும் ஒரே கூடு), லேண்ட் குரூசர் லேடர் ஃபிரேம் (ஏணி போன்ற தனிச் சட்டத்தின் மேல் உடல்).

சாலையை விட்டு இறங்கினால்: கல்லணைக் கால்வாய், வெண்ணாற்றுக் கரைகளில் ஓட்டுபவர்களுக்கு இதுதான் முதல் கேள்வி. பள்ளத்தில் வண்டி குத்தும்போது விசை நேராக முதுகெலும்பில் ஏறும். வால்வோ அதை உணர்ந்து முன்சீட் பெல்ட்டை இறுக்கும். சீட்டின் சட்டம் மடங்கி அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும். நட்சத்திரக் கணக்கில் இது வராது.

கரைச்சாலையில் குடும்பத்தோடு போக வால்வோ. தினமும் சேற்றுப்பாதை, பாரம் என்றால் லேடர் ஃபிரேம் உள்ள லேண்ட் குரூசர். எதுவானாலும், பின்சீட்டில் பெல்ட் போடாதவர் முன்சீட்டுக்காரர் மேல்தான் வந்து மோதுவார்.