செல்ஃப் அடிக்கும், வண்டி எடுக்காது: பழைய டீசல் பிக்கப்போடு ஏழு மாதம்

போன வாரம் சொந்தக்கார மாப்பிள்ளை ஒருத்தர் போன் செய்தார். "மாமா, உங்க வண்டி மாதிரியே ஒண்ணு விலைக்கு வந்திருக்குங்க. 2009 மாடல். விலையும் கொறச்சுத் தர்றேங்கிறாங்க. எடுக்கலாங்களா?" அதற்கு ஒரு மாதம் முன்னால்தான் ஏழு மாத வேதனை ஒன்றிலிருந்து நான் வெளியே வந்திருந்தேன். போனில் நாலு வார்த்தையில் சொல்லி முடிக்க மனம் வரவில்லை. முழுசாகவே எழுதிவிடுகிறேன்.

என்னுடையது 2008 மாடல் டீசல் பிக்கப். டீசலை அழுத்தி இன்ஜினுக்கு அனுப்பும் பம்ப், சென்சார், கம்ப்யூட்டர் எதுவும் இல்லாத பழைய மெக்கானிக்கல் வகை. 2013-ல் செகண்ட் ஹேண்டில் எடுத்தேன். 2,80,000 கிலோமீட்டர் தாண்டிவிட்டது. ஒட்டன்சத்திரம் காந்தி மார்க்கெட்டுக்கு முருங்கையும் தக்காளியும், சீசனில் கண்வலிக் கிழங்கு (செங்காந்தள்) விதை மூட்டையும் ஏற்றியிருக்கிறேன். இன்ஜினைத் திறந்ததே இல்லை. கிளட்ச் ஒரு தடவை, பின்பட்டை (பின்சக்கர ஸ்பிரிங் பட்டை) இரண்டு தடவை, அவ்வளவுதான் பெரிய செலவு. எட்டு வருடம் தாண்டிய வண்டி என்பதால் வருஷா வருஷம் எஃப்.சி. (தகுதிச் சான்று) காட்ட வேண்டும், ஒரு தடவைகூடத் திரும்பி வந்ததில்லை. மழைக்காலத்தில் வண்டித்தடம் சேறாகிக் கிடக்கும்போதும் லோடோடு தோட்டத்தை விட்டு ஏறி வந்துவிடும். இது சம்பாதித்துக் கொடுத்த காசில்தான் தோட்டத்தில் போர்வெல் போட்டேன். இதையெல்லாம் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இனி வருவது பூராவும் கோபம்.

கார்த்திகையில் ஒரு நாள், விடியக்காலம் மூன்று மணி. முருங்கைக்கட்டு ஏற்றி, தார்ப்பாய் இழுத்துக் கட்டிவிட்டு சாவியைத் திருப்பினேன். செல்ஃப் நன்றாக அடிக்கிறது. கிர்ர் கிர்ரென்று இன்ஜின் சுற்றுகிறது. ஆனால் பிடிக்கவில்லை. விட்டு விட்டு நாலு தடவை அடித்தும் ஒன்றுமில்லை. பத்துப் பன்னிரண்டு தடவைக்கு மேல், ஒரு சிலிண்டர் மட்டும் 'டப்'பென்று அடித்து, வண்டியே குலுங்கி, வெள்ளைப் புகையோடு எழுந்தது. மார்க்கெட் போய்ச் சேரும்போது ஏலம் பாதி முடிந்துவிட்டது. விடிய விடியக் காய் விலை எப்படி இறங்கும் என்பது முருங்கை போட்டவர்களுக்குத் தெரியும்.

அன்றைக்குப் பகலில் எத்தனை தடவை நிறுத்தினாலும் ஒரே செல்ஃபில் எடுத்தது. மறுநாள் விடியக்காலம் மறுபடியும் அதே கதை.

"பனிக்குத்தாண்ணே, ஹீட்டர் பிளக் போயிருக்கும்" என்றார்கள். குளிர்ந்த இன்ஜினுக்குள் சூடு கொடுக்கும் அந்த நாலு பிளக்கும் மாற்றினேன், 2,400 ரூபாய். அடுத்தது பேட்டரி. புதுசே போட்டேன். பிறகு டீசல் ஃபில்டர். பிறகு சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் நாசில் நாலையும் கழற்றி சர்வீஸ். ஒவ்வொன்றுக்கும் இரண்டு நாள் சரியாக இருக்கும், மூன்றாம் நாள் பழைய குருடி. தை போய், மாசி போய், பங்குனி வெயில் மண்டையைப் பிளக்கும்போதும் விடியக்காலம் எடுக்காத வண்டிக்குப் பனி எப்படிக் காரணமாகும்? இந்தக் கேள்வியை நான் கேட்டபோது டவுனில் ஒரு பம்ப் லேப்பில் சொன்ன பதில்: பம்பை இறக்கி முழுசாக வேலை பார்க்க வேண்டும், 22,000 ரூபாய். பம்பை அவர்கள் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. அன்றைக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. பார்க்காமலேயே நோய்க்குப் பெயர் வைக்கிறவரிடம் பிள்ளையைக் காட்டுவோமா?

அதற்குப் பிறகுதான் நானே கவனிக்க ஆரம்பித்தேன். பையனை செல்ஃப் அடிக்கச் சொல்லிவிட்டு, பின்னால் போய் சைலன்சர் வாயில் டார்ச் அடித்தேன். துளிப் புகை இல்லை. டீசல் இன்ஜினில் இது பெரிய விஷயம். அதற்கு ஸ்பார்க் பிளக் கிடையாது. காற்றை நசுக்கி வரும் சூட்டிலேயே டீசல் பற்ற வேண்டும். டீசல் உள்ளே போய் எரியாமல் இருந்தால் பின்னால் வெள்ளைப் புகை வரும். அப்போது ஹீட்டர் பிளக், கம்ப்ரஷன் பக்கம் சந்தேகப்படலாம். புகையே இல்லையென்றால் டீசலே போய்ச் சேரவில்லை. இத்தனை மாதம் மாற்றிய பிளக்கும் பேட்டரியும் வீண் என்று அந்த ஒரு நிமிடத்தில் தெரிந்தது.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. எங்கள் வாசல் ரோட்டைப் பார்த்துச் சரிவு. வண்டியை முகம் ரோட்டைப் பார்த்து, சரிவில் இறக்கி நிறுத்தினால் காலையில் எடுக்கிறது. முகம் வீட்டைப் பார்த்து மேடாக நின்றால் எடுக்கவில்லை. டேங்க் நிறைய டீசல் இருக்கும் வாரம் தொல்லை குறைவு. முள் காலுக்குக் கீழே வந்தால் தினமும் போராட்டம்.

இதைக் கிணற்று ஆயில் இன்ஜின் வேலை பார்க்கும் பெரியவர் ஒருவரிடம் சொன்னேன். வண்டி மெக்கானிக்கே இல்லை அவர். கேட்டதும், "தம்பி, எங்கியோ ஏர் எடுக்குது. ராத்திரி டீசல் பூரா டேங்குக்கே திரும்பிப் போயிருது" என்றார். மறுநாள் விடியும் முன்னாலேயே டிவிஎஸ் எக்ஸ்எல்லில் வந்துவிட்டார். சாவியை மட்டும் ஆன் செய்யச் சொல்லி, பம்பு மேல் காதை வைத்து சொலினாய்டு (சாவி போட்டதும் டீசல் வழியைத் திறக்கும் கரண்ட் வால்வு) 'டிக்' என்கிறதா என்று கேட்டார். கேட்டது. அந்தச் சத்தம் இல்லையென்றால் கரண்ட் வரும் வயரைப் பார்க்க வேண்டுமாம். பிறகு ஃபில்டரிலிருந்து பம்புக்குப் போகும் ஹோஸைக் கழற்றிவிட்டு, அரையடிக் கண்ணாடி டியூப் போட்டார். கையால் டீசல் ஏற்றும் ஹேண்ட் பம்பை அமுக்கினால் டியூப்பில் டீசலை விட நுரைதான் அதிகம் ஓடுகிறது. அடுத்து ஒரு சின்ன கேனில் டீசலை ஊற்றி, பானெட் உயரத்துக்குக் கட்டி, டேங்கிலிருந்து வரும் ஹோஸுக்குப் பதில் அதை ஃபில்டருக்குக் கொடுத்தார். உள்ளே நின்ற ஏரை வெளியே விட்டதும் இரண்டே சுற்றில் வண்டி எழுந்தது. பம்ப் நன்றாக இருக்கிறது, நாசில் நன்றாக இருக்கிறது. கோளாறு டேங்குக்கும் ஃபில்டருக்கும் நடுவில்.

கடைசியில் அகப்பட்டது, ஃபில்டருக்கு வரும் வழியில் இரும்புப் பைப்பையும் ஃபில்டரையும் இணைக்கும் ஒரு சாண் ரப்பர் ஹோஸ். வெளியே பார்த்தால் கறுப்பாக, காய்ந்து, சுத்தமாக இருந்தது. ஒரு சொட்டு ஈரமில்லை. கிளாம்பை எடுத்துவிட்டு பெரியவர் வளைத்துக் காட்டியபோது, கிளாம்ப் பதிந்த தழும்புக்குள்ளேயே நூல் மாதிரி வெடிப்பு வட்டமாக ஓடியது. ரப்பர் கல்லாக இறுகியிருந்தது, நகம் இறங்கவில்லை.

ஏன் ஒருவர் கண்ணிலும் படவில்லை என்பது அப்போது புரிந்தது. அந்த ஹோஸில் டீசல் உறிஞ்சப்படுகிறது, தள்ளப்படுவதில்லை. அதனால் வெடிப்பு வழியாக டீசல் வெளியே வராது, காற்றுதான் உள்ளே போகும். சொட்டு தேடுகிறவருக்கு அது கிடைக்கவே கிடைக்காது. காற்று உள்ளே போனால் பம்ப் கையாலாகாமல் நிற்கும்: டீசலை நசுக்க முடியாது, காற்றை நசுக்கலாம். பம்ப் அழுத்தும் அழுத்தமெல்லாம் காற்றுக்குமிழியைச் சுருக்குவதிலேயே போய்விடும், நாசில் திறக்காது. இந்த வகைப் பம்புக்கு டீசலேதான் உள்ளே எண்ணெய். காய்ந்தபடி செல்ஃப் அடித்துக்கொண்டே இருந்தால் நல்ல பம்பும் தேயும். ஏழு மாதம் நான் அதைத்தான் செய்திருக்கிறேன்.

புது ஹோஸ், இரண்டு கிளாம்ப், ஃபில்டர் போல்ட்டுக்குக் காப்பர் வாஷர், எல்லாம் சேர்த்து 190 ரூபாய். பெரியவர் கூலியாகக் கேட்டது 300, 1,000 கொடுத்தேன்.

இதே மாதிரி மாட்டிக்கொண்டவர்களுக்கு இரண்டு விஷயம் மட்டும். பதினைந்து விநாடிக்கு மேல் செல்ஃப் பிடிக்காதீர்கள், நடுவில் ஒரு நிமிடமாவது விடுங்கள். செல்ஃப் மோட்டார் வெந்துவிடும். ஹீட்டர் பிளக் இருக்கும் வண்டியில் இன்ஜினுக்குக் காற்று போகும் வாய் வழியாக ஸ்டார்ட்டிங் ஸ்பிரே (சட்டென்று பற்றும் ஸ்பிரே) அடிக்கவே கூடாது, பழுத்த பிளக்கில் பட்டால் உள்ளேயே வெடிக்கும்.

இப்போது ஒரு மாதமாகச் சாவியைத் திருப்பினால் முதல் சுற்றிலேயே எடுக்கிறது. மூன்று மணி இருட்டில் அந்தச் சத்தம் கேட்கும்போது நெஞ்சு நிறைகிறது. மெக்கானிக்கல் பம்ப் வண்டி என்பதால்தான் கேன், டியூப், ஸ்பேனரோடு வீட்டு வாசலிலேயே கண்டுபிடிக்க முடிந்தது. நான் இதை விற்கப்போவதில்லை.

ஆனாலும் மாப்ளே, நீங்க வாங்காதீங்க. உங்களுக்கு வாரத்தில் ஆறு நாள் காய் போக வேண்டும், வீட்டில் வேறு வண்டி கிடையாது. பதினைந்து வயது தாண்டிய வண்டியில் இப்படி இறுகிப்போன ரப்பர் இன்னும் எத்தனை இடத்தில் இருக்கிறதோ. என் கோபம் தணிந்திருந்தால் வேறு மாதிரி சொல்லியிருப்பேனோ என்னவோ, இன்றைக்கு இதுதான் பதில். அப்படியும் மனசு கேட்கவில்லையென்றால், டீசல் குறைவாக வைத்து, முதல் நாள் ராத்திரியே முகம் மேடாக நிறுத்தச் சொல்லுங்க. விடியக்காலம் போய் பானெட்டைத் தொட்டுப் பாருங்க, சில்லென்று இருக்க வேண்டும். சாவியை நீங்களே திருப்புங்க. நானும் கூட வர்றேன், பின்னால நின்னு புகையைப் பாக்குறேன்.