பையை எடுத்த பிறகு: இசப்கோலா, லோபரமைடா? மக் தண்ணீரா, டிஷ்யூவா?

மலக்குடல் புற்றுநோய் ஆபரேஷனுக்குப் பிறகு ஐந்து மாதம், மலம் வந்து சேரும் பையை வயிற்றில் மாட்டிக்கொண்டு இருந்தேன். பையை எடுத்துக் குடலை உள்ளே சேர்த்துவிட்டால் எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்று பார்த்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். வீட்டுக்கு வந்த முதல் முழு நாளில் 17 தடவை போனேன். பதினெட்டாவது தடவைக்கு எழுந்தபோது பயமே எரிச்சலை நினைத்துத்தான். உட்காரவும் முடியவில்லை, கழுவவும் முடியவில்லை.

இது ஏன் என்று தெரிந்துகொண்டால் எதை எப்போது கையில் எடுப்பது என்பதும் புரியும். மலக்குடல் ஒரு தொட்டி மாதிரி, 12 முதல் 15 செ.மீ. நீளம். மலத்தைச் சேர்த்து வைத்து, நேரம் வரும்வரை பொறுத்திருப்பது அதன் வேலை. அதில் பெரும்பகுதியை வெட்டிவிட்டு மேலிருக்கும் பெருங்குடலை இழுத்துத் தைக்கிறார்கள். பெருங்குடலுக்கு மலக்குடல் மாதிரி தேக்கிவைத்துப் பொறுக்கத் தெரியாது. போதாததற்கு ஐந்து மாதம் சும்மா கிடந்த குடல். வந்ததை நிறுத்திவைக்காமல் அனுப்பிவிடும். பித்தநீர் கலந்த அந்தத் தண்ணீர் தோலில் பட்டால் எரியாமல் என்ன செய்யும்?

மலக்குடலை வெட்டிய பிறகு வரும் இந்தத் தொல்லைக்கு டாக்டர்கள் வைத்த பெயர் லார்ஸ் (LARS). டென்மார்க் மருத்துவர்கள் 2012-இல் ஐந்தே கேள்விகளில் இதற்கு ஒரு மதிப்பெண் முறை கொண்டுவந்தார்கள். மொத்தம் 42. 21 முதல் 29 வரை லேசான தொல்லை, 30 முதல் கடுமையானது. அதில் என்னை உட்காரவைத்து யோசிக்கவைத்தது ஒன்று உண்டு. ஒரு நாளில் ஏழு தடவைக்கு மேல் போனாலும் எண்ணிக்கைக்கு 4 மதிப்பெண்தான். போய்விட்டு வந்த ஒரு மணி நேரத்துக்குள் மறுபடி போகும் கொத்துக்கு 11 வரை, ஓடியே ஆகவேண்டிய அவசரத்துக்கு 16 வரை. நான் அதுவரை நோட்டில் எண்ணிக்கையை மட்டும் கோடு போட்டுக்கொண்டிருந்தேன். எண்ணிக்கையை விட்டுவிட்டு, கொத்தைக் குறைப்பது எது, அவசரத்தைக் குறைப்பது எது என்று பார்க்க ஆரம்பித்த பிறகுதான் மருந்துகளின் குணம் தெரிந்தது.

முதலில் லோபரமைடு. 2 மி.கி. மாத்திரை. குடலின் ஓட்டத்தை மெதுவாக்கும், ஆசனவாய்த் தசையையும் கொஞ்சம் இறுக்கிப் பிடிக்கவைக்கும். ஆகவே அவசரத்துக்கு இது நல்ல ஆள். நான் செய்த தப்பு, வயிறு கலக்கிய பிறகு மாத்திரையைத் தேடியது. சாப்பாடு வயிற்றில் விழுந்ததுமே பெருங்குடல் கீழே தள்ள ஆரம்பித்துவிடும். அதற்கு முன்னால், அதாவது சாப்பிட அரை மணி நேரம் முன்பு போட்டால்தான் பலன். அப்புறம், அளவு. ஒரு வாரம் சரியாக இருக்கிறதே என்று நானே ஒரு மாத்திரை கூட்டினேன். இரண்டு நாள் ஒன்றுமே வரவில்லை, மூன்றாம் நாள் ஒரு கெட்டி உருண்டை, அதன் பின்னாலேயே ஒன்பது தடவை. எத்தனை மாத்திரை என்பதை டாக்டர்தான் சொல்லவேண்டும். காய்ச்சலோ ரத்தமோ இருந்தால் தொடவே கூடாது.

இசப்கோல் வேறு ரகம். மலச்சிக்கலுக்கு ராத்திரி ஒரு டம்ளர் தண்ணீரில் கலக்கிக் குடிக்கிற அதே உமிதான். நமக்கு அது தலைகீழாக வேலை செய்யவேண்டும், குடலில் இருக்கும் தண்ணீரை அது குடிக்கவேண்டும். அதனால் ஒரு டீஸ்பூனைத் தயிரில் குழைத்துச் சாப்பாட்டுக்கு முன் சாப்பிட்டுவிட்டு, ஒரு மணி நேரம் தண்ணீரைத் தள்ளிவைக்கச் சொன்னார் டாக்டரம்மா. தயிரில் போட்டு ஐந்து நிமிடம் விட்டால் ஸ்பூன் நிற்கிற பதத்துக்கு வரும். மலமும் கிட்டத்தட்ட அந்தப் பதத்துக்குத்தான் வரவேண்டும். சிதறிச் சிதறி வந்தது ஒரே மூச்சில் வரத் தொடங்கியது, கொத்து உடைந்தது. முதல் வாரம் காற்று மட்டும் தாங்கமுடியவில்லை. ஒரு எச்சரிக்கை: தையல் போட்ட இடம் சுருங்கியிருந்தாலோ விழுங்குவதில் சிரமம் இருந்தாலோ இந்த உமி அடைத்துக்கொள்ளும். கேட்காமல் ஆரம்பிக்க வேண்டாம்.

எனக்கு இசப்கோல்தான் தினசரிச் சாப்பாடு மாதிரி. லோபரமைடு பஸ் ஏறும் நாளுக்கும் கல்யாண வீட்டுக்கும். இரண்டையும் ஒரே நாளில் ஆரம்பித்தால் எது வேலை செய்தது என்று தெரியாது. ஒவ்வொன்றுக்கும் ஒரு வாரம் கொடுங்கள். வெளியே போகிற அன்று பட்டினி கிடப்பதைவிட இரண்டுமே மேல். பட்டினி வயிற்றிலும் காற்றும் பித்தநீரும் இறங்கும், எரிச்சல்தான் மிச்சம்.

சரி, எரிச்சலுக்கு வருவோம். டிஷ்யூவால் துடைப்பது புண்ணில் உப்புத்தாள் தேய்ப்பது மாதிரி. ஈர வைப்ஸ் மிருதுதான், ஆனால் அதிலிருக்கும் வாசனையும் ரசாயனமும் புண்பட்ட தோலுக்கு ஆகாது. தண்ணீரே ஜெயிக்கிறது. அதிலும் ஹெல்த் ஃபாசெட் வேண்டாம், அந்த வேகம் ஊசி மாதிரி குத்தும். வெதுவெதுப்பான தண்ணீரை மக்கில் மொண்டு மெதுவாக ஊற்றினால் போதும், சோப்பு தேவையில்லை. வீட்டில் யாராவது ஒரு மூடி கிருமிநாசினி ஊற்றச் சொல்வார்கள், கேட்காதீர்கள். பழைய பருத்தி வேட்டியைச் சதுரம் சதுரமாகக் கிழித்து வைத்திருக்கிறேன், ஒற்றி எடுக்க மட்டும். ராத்திரியானால் கதவைச் சாத்திக்கொண்டு டேபிள் ஃபேனுக்கு முதுகைக் காட்டி இரண்டு நிமிடம். பார்க்கச் சிரிப்பாக இருக்கும், பூசுவதற்குமுன் தோல் காயவேண்டுமே.

பூசுவதில் தேங்காய் எண்ணெய் இதமாக இருக்கும், ஆனால் அரை மணியில் வழிந்துபோகும். வாசலின் அதைவிட நிற்கும், ஈரத்தோலில் பூசினால் ஈரத்தை உள்ளேயே பூட்டிவிடும். குழந்தைகளுக்கு டயப்பர் புண்ணுக்குத் தரும் துத்தநாக ஆக்சைடு க்ரீம்தான் சுவர் மாதிரி நின்றது. அதை ஒவ்வொரு தடவையும் சுரண்டிக் கழுவாதீர்கள். மேலே அழுக்கான பூச்சை மட்டும் ஒற்றி எடுத்துவிட்டு அதன்மேலேயே பூசுங்கள். முழுசாக எடுக்க நினைத்தால் எண்ணெய் தொட்டு எடுங்கள்.

மெடிக்கல் ஷாப்பில் “அண்ணே, இதைப் பூசுங்க, ரெண்டே நாள்ல போயிடும்” என்று ஒரு ட்யூப் தருவார்கள். பெரும்பாலும் ஸ்டீராய்டும் பூஞ்சை மருந்தும் கலந்தது. இரண்டு நாளில் போவது உண்மைதான், தொடர்ந்து பூசினால் தோல் காகிதமாக மெலியும். அரிப்போடு ஓரங்களில் சிவப்புப் புள்ளி தெரிந்தால் பூஞ்சையாக இருக்கலாம், அதை டாக்டரிடம் காட்டி மருந்து வாங்குவது நல்லது.

சாப்பாட்டில் எனக்குப் பெரிய சண்டை இல்லை. குழைந்த சாதம், தயிர், வாழைப்பழம், ஜவ்வரிசி எல்லாம் கட்டும். காபியும் மிளகாயும் அவிழ்க்கும், மிளகாய் போகும்போதும் தன் வேலையைக் காட்டும். தண்ணியாகப் போகிற நாளில் வெறும் தண்ணீரைவிட ஓ.ஆர்.எஸ். அல்லது உப்புப் போட்ட நொய்க்கஞ்சி. வயிறு உப்பி, காற்றும் பிரியாமல் வாந்தி வந்தால் எந்த வைத்தியமும் வேண்டாம், ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிடுங்கள்.

மிச்சம் இருப்பது பயிற்சியும் கழுவலும். ஆசனவாயை இறுக்கி விடும் பயிற்சியைப் பிசியோதெரபிஸ்ட் கற்றுக்கொடுத்தார். காசில்லாதது, பலன் தெரிய மாதக்கணக்காகும். ஆசனவாய் வழியே தண்ணீர் ஏற்றிக் குடலைக் கழுவும் கருவிக்குக் காசும் வேண்டும், பழகவும் வேண்டும். ஆனால் ஒரு தடவை காலி செய்துவிட்டால் பல மணி நேரம் நிம்மதி என்கிறார்கள். முதல் மாதம் எனக்கு 42-க்கு 41. ஏழாம் மாதமான இப்போது 29. குடல் பழக ஒரு வருடம், சிலருக்கு இரண்டு வருடம்கூட ஆகும், அதுவரை பொறுங்கள் என்கிறார் டாக்டரம்மா. கழுவும் கருவியை வருடம் முடிந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைத்திருக்கிறேன்.