பேய்ப்படங்களுக்கென்றே இருக்கும் ஷடர் ஸ்ட்ரீமிங் சேவைக்கு அக்டோபர் மட்டும் சந்தா கட்டலாமா?

கட்டலாம். ஆனால் தனியாக உட்கார்ந்து பார்ப்பதற்கு என்றால் கொஞ்சம் யோசியுங்கள். கூடப் பார்க்க நாலு பேர், பார்த்து முடித்ததும் உடனே எழுந்து போகாமல் அரை மணி நேரம் பேச ஆள், இந்த இரண்டும் இருந்தால் தயங்கவே வேண்டாம்.

நாங்கள் இருப்பது நியூ ஜெர்சியில். செப்டம்பர் கடைசியிலேயே வீட்டு வாசல்களில் பூசணியும் எலும்புக்கூடும் வந்துவிடும், அக்டோபர் 31 ஹாலோவீன் வரைக்கும் இங்கே பலருக்கு இது பேய்ப்படம் பார்க்கிற மாதம். நாளுக்கு ஒன்று என்று 31 படம் பார்த்து முடிப்பதை நேர்த்திக்கடன் மாதிரி வருஷா வருஷம் செய்பவர்கள் இருக்கிறார்கள். நாங்கள் ஆறு பேர் போன அக்டோபரில் 19 படம் பார்த்தோம். சனிக்கிழமை எங்கள் வீட்டு ஹாலில் எல்லோரும் ஒன்றாக, மற்ற நாட்களில் அவரவர் வீட்டில் பார்த்துவிட்டு வாட்ஸப்பில் பேச்சு. 19 போதும் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன், ஏனென்றால் தினம் ஒன்று பார்த்தால் நேற்றுப் பார்த்ததைப் பற்றிப் பேச நேரமே கிடைக்காது, பேசாத பேய்ப்படம் இரண்டு நாளில் மறந்தும் போகும்.

தியேட்டருக்கே போகலாமே என்று கேட்பீர்கள். அதற்கு முந்தைய வருஷம் போனோம், பக்கத்து ஊர் மல்டிபிளெக்ஸ் ஒன்றுக்கு. படம் முழுக்க முன்வரிசையில் போன் வெளிச்சம், பாதியில் சத்தம் ஒரு பக்க ஸ்பீக்கரில் மட்டும் வந்தது, வெளியே போய்ச் சொன்னதற்கு யாரும் வந்து பார்க்கவில்லை. பேய்ப்படத்தில் பாதி வேலையைச் செய்வதே சத்தம்தான், அது போனால் என்ன மிச்சம்? ஆறு பேர் டிக்கெட்டுக்கும் பாப்கார்னுக்கும் கொடுத்த காசு அப்படியே போனது. அதன் பிறகுதான் வீட்டிலேயே பார்ப்போம் என்று முடிவு செய்தோம்.

சரி, ஷடர் என்றால் என்ன? ஏஎம்சி நெட்வொர்க்ஸ் நடத்துகிற ஸ்ட்ரீமிங் சேவை. 2015-ல் சோதனையாகத் தொடங்கி அடுத்த வருஷம் எல்லோருக்கும் திறந்தார்கள். பேய், த்ரில்லர், அமானுஷ்யம், இவ்வளவுதான் உள்ளே இருக்கும், குடும்பப் படமோ சமையல் நிகழ்ச்சியோ கிடையாது. பெரிய சேவைகளில் படம் தேடியே ஒரு மணி நேரம் ஓடிவிடும் இல்லையா, இங்கே அந்தப் பிரச்சினை குறைவு, காரணம் படங்களை ஆட்கள் உட்கார்ந்து தேர்வு செய்து வகை வகையாக அடுக்கியிருக்கிறார்கள். எதையுமே தேர்ந்தெடுக்க மனசில்லாத நாளில் பழைய டிவி சேனல் மாதிரி தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருக்கும் ஷடர் டிவியைப் போட்டுவிடலாம். எனக்கு ரொம்பப் பிடித்தது இன்னொன்று. அக்டோபர் வெள்ளிக்கிழமைகளில் ஒரு போன் நம்பர் கொடுத்து, படங்களைத் தேர்வு செய்கிறவரே அழைப்புகளை எடுத்து, உங்களுக்கு எந்த மாதிரி பயம் பிடிக்கும் என்று கேட்டு, இதைப் பாருங்கள் என்று சொல்கிற வழக்கம் வைத்திருந்தார்கள். சின்ன வயதில் எங்கள் தெரு வீடியோ கடை அண்ணன் அப்படித்தான், நம் முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போய் ஒரு கேசட்டை எடுத்து வருவார். அந்தப் பழக்கத்தை ஒரு கம்பெனி இத்தனை வருஷம் கழித்துச் செய்தது என்பதே எனக்குச் சந்தோஷம்.

பேச்சு என்று ஆரம்பித்துவிட்டேன், அதனால் 'தி லாஸ்ட் டிரைவ்-இன்' நிகழ்ச்சியைச் சொல்லியாக வேண்டும். ஜோ பாப் பிரிக்ஸ் என்ற டெக்சாஸ்காரர், தொப்பியும் கழுத்தில் போலோ டையும் போட்டு, ஒரு டிரெய்லர் வீட்டின் முன்னால் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். படம் ஓடும், நடுவில் நிறுத்துவார், இந்தக் காட்சியை எப்படி எடுத்தார்கள், இந்த நடிகை பிறகு என்ன ஆனார், இந்த இயக்குநர் காசுக்கு என்ன பாடுபட்டார் என்று பேசுவார், பிறகு படம் தொடரும். முதல் தடவை பார்த்தபோது எனக்குத் தெருக்கூத்தின் கட்டியங்காரன்தான் நினைவுக்கு வந்தார். கதைக்குள்ளும் இருப்பார், நம் பக்கத்திலும் நிற்பார், ஆட்டத்தை நிறுத்தி நம்மிடம் நாலு வார்த்தை பேசிவிட்டுத் திரும்ப உள்ளே விடுவார். 2018 ஜூலையில் 24 மணி நேரத் தொடர் ஒளிபரப்பாக இதைத் தொடங்கியபோது பார்க்க வந்த கூட்டத்தைத் தாங்காமல் சர்வர்கள் திணறின. அவ்வளவு பேர் அவருக்காகக் காத்திருந்திருக்கிறார்கள். அப்புறம், காரில் உட்கார்ந்தபடியே படம் பார்க்கும் டிரைவ்-இன் என்பதே எங்கள் மாநிலத்துச் சரக்கு, முதல் டிரைவ்-இன் தியேட்டர் திறந்தது 1933 ஜூன் 6, நியூ ஜெர்சியின் கேம்டன் பக்கத்தில். எங்கள் குழுவில் இருவருக்கு ஜோ பாப் நடுவில் புகுவது பிடிக்கவில்லை, பயம் கலைந்துவிடுகிறது என்றார்கள். நியாயம்தான். முதல் தடவை பார்க்கிற படத்துக்கு அவர் வேண்டாம், ஏற்கெனவே பார்த்த படத்துக்கு அவரோடு உட்காருங்கள்.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். எல்லோருக்கும் தெரிந்த படங்களுக்காக இந்தச் சந்தாவைக் கட்டாதீர்கள். ஜார்ஜ் ரொமேரோவின் 'நைட் ஆஃப் தி லிவிங் டெட்' (1968) எங்கே தேடினாலும் இலவசமாகக் கிடைக்கும். கடைசி நேரத்தில் படத்தின் தலைப்பை மாற்றியபோது காப்புரிமைக் குறிப்பைப் போட மறந்துவிட்டார்கள், அந்தக் கால அமெரிக்கச் சட்டப்படி அது பொதுச்சொத்தாகிவிட்டது. ஜான் கார்ப்பென்டர் இயக்கிய 'ஹாலோவீன்' (1978) எங்கள் நண்பரிடம் ப்ளூ-ரேயாகவே இருந்தது.

ஆனால் அந்தப் படம் பார்த்த சனிக்கிழமையைச் சொல்லாமல் போக முடியாது. இலையுதிர் காலத்து இல்லினாய் என்று காட்டுகிறார்களே, எடுத்தது வசந்த காலத்தில், தெற்கு கலிஃபோர்னியாவில். காய்ந்த இலைகளுக்குப் பெயிண்ட் அடித்து, ஒரு காட்சி முடிந்ததும் கூட்டி அள்ளி அடுத்த காட்சிக்குக் கொண்டு போனார்கள். கதை நடக்கும் ஹேடன்ஃபீல்டு என்ற ஊர் கற்பனை, ஆனால் பெயர் கற்பனையில்லை. ஜான் கார்ப்பென்டரோடு சேர்ந்து கதை எழுதித் தயாரித்த டெப்ரா ஹில் பிறந்த நியூ ஜெர்சி ஊரின் பெயர் அது, எங்கள் குழுவில் ஒருவர் தினமும் அந்த வழியாகத்தான் வேலைக்குப் போகிறார். அன்று இரவு பேச்சு முழுக்க கார்ப்பென்டரே போட்ட அந்தப் பியானோ இசையில்தான் நின்றது. குழுவில் மிருதங்கம் வாசிக்கிற ஒருவர் இருக்கிறார், படம் தொடங்கி இரண்டு நிமிஷத்தில் அவர் கை தொடையில் தட்ட ஆரம்பித்துவிட்டது. "ஐந்து எண்ணிக்கைங்க இது, நம்ம கண்டம். தகிட தகிட தக தக, கேளுங்க" என்றார். உண்மைதான். கார்ப்பென்டரின் அப்பா ஒரு இசைப் பேராசிரியர், அவர்தான் மகனுக்கு இந்த ஐந்து கணக்கைச் சொல்லிக் கொடுத்தவர். நாலு எண்ணிக்கைக்குப் பழகிய காதுக்கு இது எங்கேயும் கால் ஊன்ற விடாது, விழப்போகிறோம் என்ற நினைப்பிலேயே வைத்திருக்கும். நமக்கோ கண்ட நடை கச்சேரியில் கேட்டுப் பழகியதுதான், அப்படியிருந்தும் ஏன் வயிற்றைப் பிசைகிறது என்று ஒரு மணி வரைக்கும் பேசினோம். பிறகு சத்தத்தை முழுதாக அணைத்துவிட்டு அதே காட்சியை மறுபடி ஓட்டினோம். தெருவில் ஒரு ஆள் நிற்கிறான், அவ்வளவுதான். பயம் துளிகூட இல்லை.

சரி, ஷடருக்கு வருகிறேன். இதன் மதிப்பு நீங்கள் கேள்விப்பட்டிராத படங்களில் இருக்கிறது, அதில் நாங்கள் பார்த்த மூன்றைச் சொல்கிறேன்.

'ஹோஸ்ட்' (2020). கொரோனா ஊரடங்கில் பிரிட்டனில் எடுத்தது. சில நண்பர்கள் ஜூம் அழைப்பில் சேர்ந்து ஆவியைக் கூப்பிடுகிறார்கள், அந்தத் திரைதான் படம். நடிகர்கள் அவரவர் வீட்டிலேயே இருந்து, கேமராவையும் தாங்களே பார்த்துக்கொண்டு நடித்தார்கள். ஒரு மணி நேரத்துக்கும் குறைவு. இதை டிவியில் பார்க்காதீர்கள், லேப்டாப்பில் பாருங்கள், முடிந்தால் நண்பர்களோடு வீடியோ காலில் இருந்துகொண்டே பாருங்கள். நாங்கள் அப்படித்தான் பார்த்தோம், மினியாபொலிஸில் இருக்கும் தோழியின் பின்னால் அவர் வீட்டுக் கதவு பாதி திறந்திருந்தது, படம் முடியும் வரை எல்லோரும் அதையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

'ஒன் கட் ஆஃப் தி டெட்' (2017), ஜப்பான். முதல் 37 நிமிஷம் ஒரே ஷாட். அந்த 37 நிமிஷத்தில் உங்களுக்கு எரிச்சல் வரலாம், நடிப்பு சரியில்லை, கேமரா ஆடுகிறது, இதற்கா உட்கார்ந்தோம் என்று தோன்றும். எங்களில் ஒருவர் ரிமோட்டைக் கையில் எடுத்தே விட்டார். எழுந்து போகாதீர்கள், இதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். சுமார் 30 லட்சம் யென்னில் எடுத்த படம், அதைப் போல ஆயிரம் மடங்குக்கும் மேல் வசூலித்தது, ஏன் என்பது கடைசியில் புரியும். படம் முடிந்ததும் நாங்கள் ஆறு பேரும் கைதட்டினோம், பேய்ப்படத்துக்கு வீட்டு ஹாலில் கைதட்டியது அதுதான் முதல் தடவை.

மூன்றாவது, 'டைகர்ஸ் ஆர் நாட் அஃப்ரெய்ட்' (2017), மெக்சிகோ, இயக்கியவர் இஸ்ஸா லோபெஸ். போதைப்பொருள் கும்பல்களால் வெறிச்சோடிப்போன ஒரு ஊர், அம்மாவைத் தொலைத்த ஒரு சின்னப் பெண், தெருவில் தாங்களே கும்பலாக வாழும் பையன்கள். செத்துப்போன அம்மா அந்தப் பெண்ணின் பின்னாலேயே வருகிறாள். அந்தச் சமயம் என் அம்மா மதுரையிலிருந்து வந்து எங்களோடு இருந்தார்கள். வழக்கமாகப் படம் போட்டால் உள்ளே போய்ப் படுத்துவிடுவார்கள், அன்றைக்கு என்னவோ உட்கார்ந்தார்கள். நான் பக்கத்தில் உட்கார்ந்து சப்டைட்டிலை வரிக்கு வரி தமிழில் சொல்லிக்கொண்டு வந்தேன், பாதிக்கு மேல் சொல்ல வேண்டிய தேவையே இல்லாமல் போனது. படம் முடிந்து, அந்தத் தாய்ப் பேய் நிஜமா, பிள்ளையின் கற்பனையா என்று நாங்கள் விவாதம் பண்ணிக்கொண்டிருந்தபோது அம்மா சொன்னார்கள்: "அவ பிள்ளையப் பயமுறுத்த வரலப்பா. தனக்கு என்ன நடந்துச்சுன்னு சொல்ல வந்திருக்கா. யாரும் கேட்க மாட்டேங்குறாங்க, பெத்த பிள்ளையாச்சும் நின்னு கேட்கணும்ல." அதோடு எங்கள் விவாதம் நின்றுவிட்டது. நீதி கேட்டு வந்த நம் ஊர் அம்மன் கதைகளில் எத்தனை பேர் அநியாயமாகச் செத்த பெண்கள் என்று அதன் பிறகு அம்மா ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினார்கள், அந்த அக்டோபரின் மிக நல்ல பேச்சு அதுதான்.

ஆவணப்படங்களையும் விட்டுவிடாதீர்கள். அமெரிக்கப் பேய்ப்படங்களில் கறுப்பினத்தவர் எப்படிக் காட்டப்பட்டார்கள் என்று பேசும் 'ஹாரர் நுவார்' (2019) ஷடருக்காகவே எடுத்தது. அதைப் பார்த்துவிட்டு மறுநாள் 'நைட் ஆஃப் தி லிவிங் டெட்' பாருங்கள். கதாநாயகனாக டுவேன் ஜோன்ஸ் என்ற கறுப்பின நடிகர், படத்தின் முடிவில் அவருக்கு நடப்பது, படம் வெளியான ஆண்டு மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்ட அதே 1968, எல்லாம் சேர்ந்து வேறு படமாகத் தெரிகிறது. கல்லூரிக் காலத்தில் இதை ஜோம்பிப் படமாக மட்டும் பார்த்துவிட்டுப் போயிருந்தேன்.

கவனிக்க வேண்டியவை மூன்று. உரிமம் முடிய முடியப் படங்கள் வரும், போகும், அதனால் பட்டியல் போட்ட அன்றே எது எது இருக்கிறது என்று தேடிப் பார்த்துவிடுங்கள். இரண்டாவது, குழந்தைகள் இருக்கும் வீடென்றால் அவர்கள் தூங்கிய பிறகு மட்டும் திறங்கள், போஸ்டர் படங்களே சிலது கடுமையாக இருக்கும். மூன்றாவது, உறுப்பினர்கள் மண்டையோட்டுக் கணக்கில் மதிப்பெண் போட்டு எழுதும் விமர்சனங்களைப் படம் பார்த்த பிறகு படியுங்கள், முன்னால் படித்தால் கதை தெரிந்துவிடும்.

அக்டோபரில் குழந்தைகளோடு பார்க்கவும் இதில் ஒன்று இருக்கிறது, கூல் லாக் (Ghoul Log) என்று பெயர். முகம் வெட்டிய பூசணிக்குள் தீ எரிந்துகொண்டே இருக்கும், கதையெல்லாம் கிடையாது. ஹாலோவீன் அன்று மாலை அதை டிவியில் ஓடவிட்டு விளக்கை அணைத்துவிட்டோம். மிட்டாய் வாங்க வந்த பிள்ளைகள் வாசலில் நின்று எட்டி எட்டிப் பார்த்தார்கள், அம்மாதான் உட்கார்ந்து எல்லோருக்கும் அள்ளிக் கொடுத்தார்கள்.

இந்த வருஷமும் அம்மா வருகிறார்கள். போனில் பேசும்போது, அந்தத் தாய் வந்த படம் மாதிரி வேறு இருக்கிறதா என்று கேட்டார்கள். குவாத்தமாலாவிலிருந்து ஜெய்ரோ புஸ்தமாந்தே எடுத்த 'லா யோரோனா' (2019) இருக்கிறது, மாயன் மக்களைக் கொன்று குவித்த ஒரு பழைய ராணுவத் தளபதியின் வீட்டில் ராத்திரி ராத்திரி ஒரு பெண் அழும் சத்தம் கேட்கும் கதை. ஷடர் வெளியிட்ட படம்தான். அக்டோபர் முதல் சனிக்கிழமைக்கு அதைத்தான் வைத்திருக்கிறேன்.