படத்தில் இருந்த வெளிச்சத்துக்கு நான்கு மாதச் சம்பளம் கொடுத்தேன்

நேற்று இரவு பத்தரை மணிக்கு எங்கள் கூடத்தில் நின்றுகொண்டிருந்த, வில்லாக வளைந்த விளக்கு, யாரும் தொடாமலேயே மெல்லச் சாய்ந்து சோபாவின் வலது ஓரத்தில் விழுந்தது. அந்த ஓரம் என் அம்மா உட்காரும் இடம். அவர் தண்ணீர் குடிக்க எழுந்து போய் ஒரு நிமிடம்கூட ஆகியிருக்கவில்லை. அவர் தலை சாய்த்திருந்த குஷனில் விளக்கின் உலோகக் கிண்ணம் பள்ளம் பதித்துக் கிடந்ததைப் பார்த்தபோது வந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. அடங்கும்வரை காத்திருந்தால் நயமான சொற்கள் கிடைக்கலாம். ஆனால் அதற்குள் இன்னும் நாலு பேர் அதே இடத்தில் பணம் கட்டியிருப்பார்கள் என்பதால் இப்போதே எழுதுகிறேன். வீட்டு அலங்காரம் என்ற பெயரில் நான் இழந்தது என் நான்கு மாதச் சம்பளம். என்ன நடந்தது என்பதையும், இனி ஆர்டர் கொடுப்பவர்கள் எவற்றையெல்லாம் பார்க்க வேண்டும் என்பதையும் விரிவாகச் சொல்கிறேன்.

நிறுவனத்தின் பெயரைக் குறிப்பிடப் போவதில்லை; வக்கீல் நோட்டீஸ் வாங்கும் தெம்பு இப்போது எனக்கு இல்லை. வகையை மட்டும் சொல்லிவிடுகிறேன். புதுமையான அறைகலன்கள், விளக்கு அமைப்புகள், உள்ளலங்கார யோசனைகள் என்று நாள்தோறும் படங்களாகக் கொட்டி, ஏதாவது ஒன்று மனதுக்குப் பிடித்துப்போய் நாம் நின்றவுடன் 'இதை உங்கள் வீட்டுக்கே செய்து தருகிறோம்' என்று பக்கத்திலேயே ஒரு பொத்தானை வைத்திருக்கும் இணையதளம் அது. அவர்களுக்குச் சொந்தமாகப் பட்டறை இருக்கிறதா, வேறு யாரிடமாவது செய்து வாங்கி அனுப்புகிறார்களா என்பது அந்தத் தளத்தின் எந்த மூலையிலும் இல்லை. நான் தேடவும் இல்லை. தூங்கப் போகும் முன் அரைமணி நேரம் அந்தப் படங்களைப் பார்ப்பது ஆறு மாதமாக எனக்குப் பழக்கமாகியிருந்தது, அவ்வளவுதான்.

பொத்தானை அழுத்திய மறுநாளே ஒரு பெண் வடிவமைப்பாளர் காணொளி அழைப்பில் வந்தார். நான் ஏமாந்த கணம் எது என்று கேட்டால் என்னால் துல்லியமாகச் சொல்ல முடியும். கூடத்தைக் கேமராவில் சுற்றிக் காட்டிக்கொண்டிருந்தேன். சுவரோரம் சாத்தியிருந்த கைத்தடி ஒரு விநாடி திரையில் வந்து போயிருக்கும். "சார், வீட்டில் பெரியவர்கள் இருக்கிறார்களா? அப்படியென்றால் சோபாவுக்கும் மேசைக்கும் நடுவில் தாராளமாக இடம் விடுவோம். தரைவிரிப்பே வேண்டாம், கால் தடுக்கும்" என்றார். கேட்காமலேயே சொன்னார். விற்க வேண்டிய ஒரு பொருளையே வேண்டாம் என்று சொல்லும் ஒருவரை எப்படிச் சந்தேகிப்பது?

அடுத்ததாக விளக்கைப் பற்றிப் பேசினோம். வாடகை வீட்டில் கூரையைத் துளைக்க முடியாது. ஆனால் மேசைக்கு நேர் மேலே வெளிச்சம் விழ வேண்டும் என்றேன். உடனே அவர், 1962இல் இத்தாலியில் காஸ்டிக்லியோனி சகோதரர்கள் வடிவமைத்த 'ஆர்கோ' விளக்கின் படத்தைத் திரையில் காட்டினார். கூரையைத் தொடாமல் தரையிலிருந்தே வில்லாக வளைந்து வந்து மேசைக்கு மேல் நிற்கும் அந்த விளக்கைச் சாயாமல் பிடித்து வைத்திருப்பது சுமார் 65 கிலோ எடையுள்ள கராரா என்ற ஊரின் மார்பிள் கட்டை என்றும், ஒரு துடைப்பக் கட்டையைச் செருகி இரண்டு பேர் தூக்கிச் செல்வதற்காகவே அந்தக் கல்லில் துளை போட்டிருக்கிறார்கள் என்றும் சொன்னார். பிறகு நானே தேடிப் பார்த்தேன். அவர் சொன்ன அத்தனையும் உண்மை. கதை உண்மையாக இருந்தால் சரக்கும் உண்மையாகத்தான் இருக்கும் என்று எனக்கு ஏன் தோன்றியது என்பதுதான் இன்றுவரை விளங்கவில்லை. "அதே முறையில்தான் நாங்களும் செய்கிறோம் சார், அடிப்பகுதி கல்தான்" என்றார். அந்த வாக்கியம் பேச்சில் மட்டும் வந்தது. எழுத்தில் எங்கும் வரவில்லை.

இரண்டு நாளில் கணினியில் வரைந்த படம் வந்தது. என் கூடம், என் ஜன்னல், நான் வழக்கமாகச் செருப்பு விடும் மூலைகூட அப்படியே இருந்தது. கூடத்தைப் பாதியாகப் பிரிக்கும் திறந்த புத்தக அலமாரி, அதன் தட்டுகளின் அடியில் கண்ணுக்குத் தெரியாத விளக்குகள், எல்லாவற்றின் மேலும் மாலை வெயில் போன்ற பொன்னிற வெளிச்சம். சோபாவின் ஓரத்தில் ஒரு கைத்தடியையும் சாய்த்து வைத்திருந்தார்கள். அம்மாவிடம் காட்டினேன், அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். அன்று இரவே எழுபது சதவீதத்தைக் கட்டினேன். மீதி முப்பது சதவீதத்தையும் பொருள் வண்டியில் ஏறும் முன்பே வாங்கிக்கொண்டார்கள். ஆக நான்கு மாதச் சம்பளமும் அவர்கள் கைக்குப் போன பிறகுதான் முதல் பெட்டி என் வாசலுக்கு வந்தது.

ஐந்து வாரம் என்றது பதினொரு வாரமானது. வந்த இரண்டு பையன்கள் பெட்டிகளை இறக்கிவிட்டு, பிரிக்கும் முன்பே 'நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்' என்ற வரிக்குக் கீழே கையெழுத்துக் கேட்டார்கள். வேலைக்கு நேரமாகிறது என்ற அவசரத்தில் போட்டுக் கொடுத்தேன். அந்தக் கையெழுத்தை இன்று என்னிடமே திருப்பிக் காட்டுகிறார்கள்.

முதலில் அலமாரி. 18 எம்.எம். ப்ளைவுட் என்று வடிவமைப்பாளர் சொன்னது என் காதில் இன்னும் இருக்கிறது. வந்தது 15 எம்.எம். பார்ட்டிகிள் போர்டு, அதாவது மரச் சிராய்களையும் தூளையும் பசையிட்டு அழுத்திய பலகை. மேலே தேக்கின் ரேகைகளை அச்சிட்ட தாள். அம்மா விரல் மடக்கித் தட்டிப் பார்த்துவிட்டு, "ஏம்ப்பா, இது மரமா?" என்று மட்டும் கேட்டார். மூன்று எம்.எம். என்ன பெரிய வித்தியாசம் என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: பலகை வளையாமல் நிற்கும் திறன் அதன் தடிமனின் மும்மடியை (தடிமன் × தடிமன் × தடிமன்) பொறுத்தது, எனவே அதே பொருளாக இருந்தாலும் 18இலிருந்து 15ஆகக் குறைக்கும்போது அந்தத் திறனில் ஏறத்தாழ நாற்பது சதவீதம் போய்விடுகிறது. இங்கோ பொருளும் மட்டம். மூன்றாவது வாரத்தில் நடுத்தட்டு புத்தகங்களின் பாரத்தில் தொட்டில் துணி போலத் தொய்ந்தது. திருகைக் கழற்றி மீண்டும் முடுக்கினால் பிடிப்பதில்லை, தூள்தான் கொட்டுகிறது. கீழ்த்தட்டில் வைத்த பூந்தொட்டியிலிருந்து கசிந்த நீரில் ஓரம் ஊறிய அட்டை மாதிரி உப்பி, ஒட்டியிருந்த பட்டை பிதுங்கி நிற்கிறது.

பில்லை எடுத்துப் பார்த்தேன். 'பொறியியல் மரம், தேக்கு ஃபினிஷ்' என்று இருக்கிறது. ப்ளைவுட்டும் பொறியியல் மரம்தான், மர நாரை அழுத்திச் செய்யும் எம்.டி.எஃப்.பும் பொறியியல் மரம்தான், இந்தத் தூள் பலகையும் பொறியியல் மரம்தான். 'தேக்கு ஃபினிஷ்' என்பதில் தேக்கின் நிறம் மட்டுமே இருக்கிறது என்பதைப் பணம் கட்டும் முன் வாசித்திருந்தால் எனக்கே புரிந்திருக்கும்.

தட்டுகளின் அடியில் ஒட்டிய எல்.இ.டி. ஸ்ட்ரிப் இன்னொரு கேவலம். ஒளியின் நிறத்தைக் கெல்வின் என்ற அளவில் குறிப்பார்கள்; படத்தில் இருந்த பொன்னிற வெளிச்சம் 2700 கெல்வின் அளவில் கிடைப்பது; வந்த சுருளின் மேல் 6500 கெல்வின் என்று அச்சாகியிருந்தது, அதாவது நீலம் பாய்ந்த வெள்ளை. நிறங்களை உள்ளபடி காட்டும் திறனைக் குறிக்கும் சி.ஆர்.ஐ. எண் சுருளிலும் இல்லை, பெட்டியிலும் இல்லை. அந்த ஒளியில் அம்மாவின் முகம் காய்ச்சலில் கிடந்தவர் முகம் மாதிரி தெரிகிறது. ஐந்து மீட்டர்ச் சுருள்கள் இரண்டை ஒன்றின் வாலில் ஒன்றாகக் கோத்து, ஒரே முனையில் 12 வோல்ட் கொடுத்திருந்தார் பொருத்த வந்தவர். மின்னழுத்தம் வழியிலேயே குறைந்துவிடும் என்பதால் கடைசித் தட்டு மங்கிக் கிடக்கிறது. செல்போன் கேமராவை அதன் முன் நீட்டினால் திரையில் கருப்புப் பட்டைகள் ஓடுகின்றன. விளக்கு துடித்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

இனி, விழுந்த அந்த விளக்கு. நேற்று இரவு அதை நிமிர்த்தி, அடிக்கட்டையைத் தனியாகக் கழற்றி, எடை பார்க்கும் இயந்திரத்தில் வைத்தேன். ஆறு கிலோ. கல் இல்லை, பிளாஸ்டிக் ஓடு, அதன் மேல் மார்பிள் கோடுகள் அச்சிட்ட தாள், உள்ளே ஏதோ மணல் மாதிரி சரசரக்கிறது. 65 கிலோ கல்லில் போட்டிருந்த துளையைப் பற்றி அத்தனை அழகாகச் சொன்னாரே, அந்தத் துளை இதிலும் இருக்கிறது என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். நகத்தால் சுரண்டியதும் உரிந்து வந்தது. வட்டமான கருப்பு ஸ்டிக்கர்.

புகார் கொடுத்த கதையைச் சொல்லாமல் விட முடியாது. முதல் வாரம் ஒரு தானியங்கி அரட்டைப் பெட்டி 'உங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம்' என்று சொல்லி ஒரு எண்ணைக் கொடுத்தது. இரண்டாம் வாரம் அந்த எண் 'தீர்வு காணப்பட்டது' என்று மூடப்பட்டிருந்தது. என்ன தீர்வு, யார் கண்டார்கள் என்பதற்குப் பதில் இல்லை. மூன்றாம் வாரம் ஒரு மனிதக் குரல் கிடைத்தது. பெட்டியைப் பிரிக்கும்போது எடுத்த காணொளி இருக்கிறதா என்று கேட்டது. இல்லை என்றேன். "அப்படியென்றால் எங்கள் தரப்பில் ஒன்றும் செய்ய இயலாது சார்." அலமாரி உப்பியதற்கு ஈரத் துணியால் துடைத்தீர்களா என்று கேட்டார்கள். விளக்கின் நிறத்துக்கு, படம் 'யோசனைக்காக மட்டுமே' என்று பதினான்காவது நிபந்தனையில் இருக்கிறதாம். வடிவமைப்பாளரைக் கேட்டால் அவர் வேலையை விட்டுப் போய்விட்டாராம். தளத்தில் நான் எழுதிய மதிப்புரை மறுநாளே காணாமல் போனது. நான்கு மாதச் சம்பளத்துக்கு ஈடாக அவர்கள் முன்வைத்த ஒரே சமரசம், அடுத்த ஆர்டரில் பத்து சதவீதம் தள்ளுபடி.

அலமாரி ஆடுகிறது என்றதற்கு ஒருவர் சொன்ன பதில் இன்னும் உறுத்துகிறது: "பிரித்து அனுப்பும் பொருள் சார், கொஞ்சம் ஆட்டம் இருக்கத்தான் செய்யும்." 1859இல் மைக்கேல் தோனெட் என்ற அறைகலன் தயாரிப்பாளர் விற்கத் தொடங்கிய 14ஆம் எண் நாற்காலி ஆறு மரத்துண்டுகள், பத்துத் திருகுகள், இரண்டு நட்டுகளாகப் பிரிந்து, ஒரு கன மீட்டர் பெட்டியில் முப்பத்தாறு நாற்காலிகள் என்ற கணக்கில் உலகம் முழுவதும் போனது. அவை ஆடாமல் நின்றன. குறை பிரித்து அனுப்புவதில் இல்லை, எதைப் பிரித்து அனுப்புகிறார்கள் என்பதில் இருக்கிறது. இதை அவரிடம் சொல்ல ஆரம்பித்தபோது இணைப்பைத் துண்டித்துவிட்டார்.

இன்று காலை, விளக்கு என் அம்மாவின் தலை இருந்த இடத்தில் விழுந்தது என்று படத்துடன் எழுதினேன். வந்த பதில்: 'விளக்கைக் கனமான ஒரு பொருளுடன் சேர்த்துக் கட்டி வைக்கவும்.'

விரிவாகச் சொல்கிறேன் என்று தொடங்கினேன், இப்போது அதற்குப் பொறுமை இல்லை. பலகையின் பெயர், தடிமன், விளக்கின் கெல்வின், சி.ஆர்.ஐ., அடிக்கட்டையின் எடை, இவை அனைத்தும் பில்லில் எழுத்தாக வராமல் ஒரு காசும் கொடுக்காதீர்கள். வெட்டுமுகம் தெரியும்படி ஒரு துண்டுப் பலகையை முன்கூட்டியே அனுப்பச் சொல்லுங்கள்; அனுப்ப மறுத்தால் அதுவே பதில். பிரித்துப் பார்க்கும் முன் கையெழுத்துப் போடாதீர்கள், பிரிப்பதை முழுவதுமாகக் காணொளி எடுங்கள். முழுப் பணத்தையும் பொருத்தி முடிக்கும் முன் தராதீர்கள். கணினிப் படத்தைப் பார்த்து மயங்காதீர்கள், அதில் விழும் வெயிலை யாராலும் விற்க முடியாது. இன்னும் இருக்கிறது, நினைவுக்கு வரவில்லை.

வங்கிக்கும் நுகர்வோர் புகாருக்கும் தேவையான காகிதங்களை எடுத்து வைத்திருக்கிறேன். விளக்கைப் படுக்க வைத்துச் சுவரோரம் தள்ளியிருக்கிறேன். நான்கு மாதச் சம்பளம் தரையில் நீட்டிப் படுத்திருக்கிறது. இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே ஒரு குறுஞ்செய்தி வந்தது: நாளை பகல் பதினோரு மணிக்கு மூத்த மேலாளர் உங்களைத் தொடர்புகொள்வார். போன வாரமும் இதே மூத்த மேலாளர்தான், இதே பதினோரு மணிதான்.